நைரோபி போகும் வழியில் ஆம்ஸ்டர்டாமில் இறங்கிப் பார்க்கலாமா? கெலமங்கலத்திலிருந்து தனியாகப் போகிறேன்

கெலமங்கலத்தாள்:

எல்லோருக்கும் வணக்கம். தோட்டக்கலை படித்துவிட்டு ஓசூர், பாகலூர் பக்கம் ரோஜா பாலிஹவுஸ்களில் (பிளாஸ்டிக் கூரைக் குடில்களில்) கிரேடிங்கும் பேக்கிங்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கென்யாவில், நைவாஷா ஏரிப் பக்கம் ஒரு பூப்பண்ணையில் தரக்கட்டுப்பாட்டு வேலை கிடைத்திருக்கிறது. ஜனவரி நடுவில் சேர வேண்டும். வேலை அனுமதியைக் கம்பெனியே எடுத்துக் கொடுத்துவிட்டது. டிக்கெட்டுக்கு ஒரு தொகை தருகிறார்கள். எந்த வழியாக வருவது என்பது என் விருப்பம்.

மும்பையிலிருந்து நைரோபிக்கு நேரடி விமானம் இருக்கிறது, அதுதான் குறுக்கு வழி. ஆனால் பெங்களூரிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கும், அங்கிருந்து நைரோபிக்கும் கேஎல்எம் விமானம் போகிறது. பெரிய சுற்றுதான். கூடுதல் பணம் என் கையிலிருந்து போகும். இருந்தாலும் ஓரிரு நாள் அங்கே இறங்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. காதலர் தினத்துக்காக டிசம்பரில் கவாத்து செய்து, ஜனவரி கடைசியில் ராத்திரி பகல் பார்க்காமல் பூ கட்டி அனுப்புகிறோம். அது போய்ச் சேரும் ஆம்ஸ்டர்டாம் பக்கத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

அம்மாவுக்குத்தான் பயம். முதல் வெளிநாட்டுப் பயணம், தனியாகப் போகிறாய், நடுவில் இன்னொரு நாடு எதற்கு என்கிறார். போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். விசா எப்படி, எதைப் பார்ப்பது, தனியாக ஒரு பெண் சுற்றலாமா?

பாலக்கோட்டுக்காரன்:

தங்கச்சி, வாழ்த்துகள். ஆனால் நான் உங்கள் அம்மா பக்கம். ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்த ஒரே விசா, அதன் கட்டணம் மட்டும் 90 யூரோ, அதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம், காப்பீடு, ஹோட்டல். ஆம்ஸ்டர்டாம் ஹோட்டல் ஐரோப்பாவிலேயே விலை அதிகமான வகை. அறை வாடகைக்கு மேல் 12.5 சதவீதம் சுற்றுலா வரி வேறு போடுகிறார்கள். இந்தப் பணம் நைவாஷாவில் முதல் மாதச் சம்பளம் வரும்வரை கையில் இருந்தால் எவ்வளவு தெம்பு! வேலையில் உட்கார்ந்து ஒரு வருஷம் கழித்து விடுப்பில் வரும்போது அதே வழியாக வாருங்கள். ஊர் எங்கேயும் ஓடிவிடாது.

பர்கூர் கல்லுக்காரன்:

பாலக்கோட்டு அண்ணன் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் கிரானைட் தொழில். ஜிம்பாப்வேயில் முடோகோ பக்கம் கறுப்புக் கல் பார்க்கப் போகும்போது, வழியில் இத்தாலியின் வெரோனாவில் இறங்கி, செப்டம்பரில் நடக்கும் மார்மொமாக் கல் கண்காட்சியைப் பார்த்துவிட்டுப் போனேன். நம் கிருஷ்ணகிரிக் கல்லும் ஆப்பிரிக்கக் கல்லும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் பாலிஷ் போட்டு நிற்கின்றன. வாங்குகிறவன் எந்த இடத்தில் கையை வைத்துத் தடவுகிறான், எந்தக் கோட்டைப் பார்த்து முகம் சுளிக்கிறான் என்று அங்கே பார்த்த பிறகுதான், குவாரியில் எந்தப் பிளாக்கை எடுப்பது என்று எனக்குத் தெளிவு வந்தது. விற்கிற இடத்தைப் பார்த்துவிட்டு விளைகிற இடத்துக்குப் போவது நல்லது. வேலைக்கு முன்னால் பார்ப்பதும் பின்னால் பார்ப்பதும் ஒன்றில்லை.

தளி ரோஜாத்தோட்டம்:

பாப்பா, நான் தளியில் பாலிஹவுஸ் வைத்திருக்கிறேன். உனக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: ஆல்ஸ்மீர். ஸ்கிப்போல் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நகரத்துக்குள் போகும் முன்பே பார்த்துவிடலாம். ராயல் ஃப்ளோராஹாலந்தின் பூ ஏலக்கூடம். தரைப்பரப்பில் உலகின் மிகப் பெரிய கட்டடங்களில் ஒன்று. 1911இலிருந்து அந்த ஊரில் பூ ஏலம் நடக்கிறது. முதலில் இரண்டு ஏலச் சங்கங்கள் போட்டிக்கு நின்றன, 1968இல் ஒன்றாகிவிட்டன.

அங்கே விலை மேலேயிருந்து கீழே இறங்கும். கடிகாரம் போன்ற திரையில் ஒரு புள்ளி சுற்றிக்கொண்டே வரும், ஒரு தண்டுக்கு இத்தனை சென்ட் என்று குறைந்துகொண்டே போகும். யார் முதலில் பொத்தானை அழுத்துகிறார்களோ அவர்களுக்கு அந்த விலைக்கு. அவசரப்பட்டால் அதிக விலை கொடுக்க வேண்டும், காத்திருந்தால் பூ கையை விட்டுப் போய்விடும். பெங்களூர் ஹெப்பாளில் உள்ள பூ ஏல மையத்திலும் இதே முறைதான், ஆனால் அளவில் ஒப்பிடவே முடியாது.

முக்கியமான விஷயம் இன்னொன்று. அந்த ஏலக்கூடம் ஒரு கூட்டுறவு. பூ வளர்க்கிறவர்கள்தான் உறுப்பினர்கள், அவர்களுக்குத்தான் அது சொந்தம். நாம் கமிஷன் மண்டியில் பூவை இறக்கிவிட்டு, சாயங்காலம் என்ன விலை வந்தது என்று போன் போட்டுக் கேட்கிறோம். அங்கே விலை எல்லோர் கண் முன்னாலும் இறங்கி நிற்கிறது. நீ கென்யாவில் வேலை செய்யப்போகும் பண்ணை, இந்தக் கூடத்துக்கு அனுப்பினாலும் சரி, நேரே சூப்பர்மார்க்கெட்டுக்கு விற்றாலும் சரி, பேரம் பேசுகிறவர்கள் அந்தக் கடிகார விலையைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார்கள். இதைப் பார்க்காமல் போகாதே.

வாரநாள் காலையில் மட்டும்தான் பார்வையாளர்களை விடுவார்கள், ஏழு மணிக்கே. வியாழக்கிழமை சீக்கிரம் முடிந்துவிடும். போகும் முன் அவர்கள் இணையதளத்தில் நேரம் பார்த்துக்கொள்.

கெலமங்கலத்தாள்:

தளி அண்ணா, இதைப் படித்ததும் முடிவே செய்துவிட்டேன். பாலக்கோட்டு அண்ணா, பணத்தைப் பற்றி நீங்கள் சொன்னது மனதில் இருக்கிறது. நைவாஷாவில் தங்குமிடம் பண்ணையே தருகிறது, அதனால் கொஞ்சம் துணிகிறேன். விசா விவரம் யாராவது சொல்லுங்களேன்.

டென்ஹாக் கிருஷ்ணகிரியாள்:

நான் கிருஷ்ணகிரி, பழையபேட்டை. கல்யாணமாகி நெதர்லாந்தில் டென்ஹாக்கில் இருக்கிறேன். தங்கச்சி, ஒன்றொன்றாகச் சொல்கிறேன்.

விமான நிலையத்தை விட்டு வெளியே கால் வைக்க ஷெங்கன் விசா கட்டாயம். பெங்களூரிலேயே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்னால் கொடுக்க வேண்டும். ஆனால் டிசம்பரில் கூட்டம் அதிகம், இப்போதே நேரம் எடுத்துவிடுங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், தங்குமிட முன்பதிவு, நைரோபிக்குப் போகும் டிக்கெட். உங்கள் கென்யா வேலை அனுமதியின் நகலையும் சேர்த்து வையுங்கள். இந்தப் பெண்ணுக்கு அடுத்து போக ஓர் இடம் இருக்கிறது, வேலை இருக்கிறது என்று அதிகாரிக்கு அது தெளிவாகச் சொல்லிவிடும்.

தங்குவதற்கு ஆம்ஸ்டர்டாம் நடுவில் தேடாதீர்கள். ஹார்லெம் பாருங்கள். ரயிலில் ஆம்ஸ்டர்டாமுக்குக் கால் மணி நேரம், அழகான பழைய ஊர், அமைதி. ஸ்கிப்போலை ஒட்டிய ஹூஃப்டார்ப்பும் நல்ல தேர்வு, ஏலத்துக்குக் கிட்டே. ஸ்கிப்போல் நிலையம் விமான நிலையத்துக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம் சென்ட்ராலுக்கும் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. டிக்கெட் தனியாக வாங்க வேண்டியதில்லை. தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டை இருந்தால் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை தட்டினால் போதும். ரயில், டிராம், பேருந்து எல்லாவற்றுக்கும் அதுவே. இறங்கும்போது தட்ட மறக்காதீர்கள், இல்லையென்றால் அதிகம் பிடித்துவிடும். பெரிய பெட்டியை விமான நிலைய லாக்கரில் போட்டுவிட்டுக் கைப்பையோடு வெளியே வாருங்கள்.

பாதுகாப்பு: பெண்கள் தனியாகப் போவது இங்கே யாரும் திரும்பிப் பார்க்காத விஷயம். ஜேப்படி உண்டு, சென்ட்ரால் நிலையத்திலும் டிராமிலும் பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான ஆபத்து சைக்கிள்தான். சிவப்பு நிறத் தடம் சைக்கிளுக்கானது, அதில் நின்று போட்டோ எடுக்காதீர்கள். அவர்கள் வேகத்தைக் குறைக்க மாட்டார்கள். ஜனவரியில் காலை எட்டே முக்கால் வரை விடியாது, சாயங்காலம் ஐந்துக்குள் இருட்டு. நல்ல காற்றுத் தடுப்பு ஜாக்கெட் வாங்குங்கள். கெலமங்கலத்து மார்கழிக் குளிருக்குப் போடும் ஸ்வெட்டர் காணாது.

சாப்பாடு: சூரினாம் ரொட்டிக் கடை தேடுங்கள். 1873இல் கல்கத்தாவிலிருந்து லல்லா ரூக் என்ற கப்பலில் தென் அமெரிக்காவின் சூரினாமுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன நம் நாட்டு மக்களின் வாரிசுகள், 1975இல் அந்த நாடு விடுதலை அடைந்த சமயத்தில் பெரும் எண்ணிக்கையில் இங்கே வந்துவிட்டார்கள். ரொட்டி, உருளைக்கிழங்கு, காராமணிக்காய் பொரியல். வயிறு நிறையும், விலையும் தாங்கும்.

மத்தூர் ஆசிரியை:

வேலைக்குப் போகிற பெண்ணை எல்லோரும் சேர்ந்து இன்னொரு வேலையிடத்துக்கே அனுப்புகிறீர்களே! அவள் தன் காசில் பார்க்கும் முதல் வெளிநாட்டு நகரம். அங்கே அவளுக்கு விலையும் தரமும் தவிர வேறு எதுவும் இல்லையா?

மகளே, ரைக்ஸ்மியூசியத்துக்குப் போ. எல்லோரும் ரெம்பிராண்ட் 1642இல் வரைந்த இரவுக் காவல் ஓவியத்தின் முன் கூடி நிற்பார்கள், நீயும் பார். ஆனால் அதற்குப் பிறகு ராகெல் ரைஷின் பூ ஓவியத்தைத் தேடிப் போ. 1664இல் பிறந்தவர். அவருடைய அப்பா ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்தில் தாவரவியல் பேராசிரியர். அந்தப் பெண் செடிகளுக்கு நடுவே வளர்ந்து, எண்பது வயதைத் தாண்டியும் பூக்களை வரைந்துகொண்டிருந்தார். இலையில் பூச்சி அரித்த ஓட்டை, வாடத் தொடங்கும் இதழின் ஓரம், தண்டில் ஊரும் எறும்பு, எல்லாம் இருக்கும். தரக்கட்டுப்பாட்டில் நீ கழித்துப் போடும் பூவையெல்லாம் அவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். உன்னைப் போலப் பூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த கண் உள்ளவர்களுக்கு அந்தப் படம் வேறு மாதிரி தெரியும்.

நேரம் மிஞ்சினால் அந்தத் தாவரத் தோட்டத்துக்கும் போ. ஹார்ட்டஸ் என்று கேட்டால் சொல்வார்கள், 1638இல் தொடங்கியது. அங்கே வளர்த்த ஒரு காபிச் செடியை 1714இல் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயிக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். லத்தீன் அமெரிக்கக் காபித் தோட்டங்களில் பெரும்பகுதி அந்தச் செடியின் வழி வந்தவை என்பார்கள். கேரளத்துச் செடிகளைப் பற்றிய ஹார்ட்டஸ் மலபாரிகஸ் என்ற நூலின் 12 தொகுதிகளும் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில்தான் அச்சாயின. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்த அதே டச்சுக் கம்பெனியின் காலம். செடிகளும் பணமும் அந்தக் கால்வாய் வீடுகளுக்கு எங்கிருந்து போயின என்பதையும் நினைத்துக்கொண்டு நட.

தளி ரோஜாத்தோட்டம்:

ஆசிரியை அம்மா சொல்வது நியாயம்தான். காலையில் ஏலம், மதியத்துக்கு மேல் மியூசியம் என்று வைத்துக்கொள்ளட்டும். ஏலம் பத்து பதினோரு மணிக்குள் ஓய்ந்துவிடும், பகல் முழுக்க அவளுக்கு மிச்சம்.

பென்னாகரம் டு நைவாஷா:

நான் நைவாஷாவில்தான் இருக்கிறேன், பாசனப் பிரிவு. வாங்க தங்கச்சி. ஆம்ஸ்டர்டாம் பேச்சில் ஒன்றை விட்டுவிடாதீர்கள்: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது, குறிப்பிட்ட நாளில்தான் போடுவார்கள், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

உடுப்பு விஷயத்தில் ஒரு சங்கடம் வரும். ஆம்ஸ்டர்டாமுக்குக் கனத்த ஜாக்கெட் வேண்டும். ஆனால் நைவாஷா கடல் மட்டத்துக்கு 1,880 மீட்டர் மேலே, ஓசூரை விட இரண்டு மடங்கு உயரம். பகலில் நல்ல வெயில், ராத்திரி குளிரும். ஒன்றின் மேல் ஒன்றாகப் போடும் வகையில் எடுத்துவந்தால் இரண்டு ஊருக்கும் ஆகும். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். உகாலி என்பது நம் களிதான், கேழ்வரகுக்குப் பதில் மக்காச்சோளம், தொட்டுக்கொள்ளக் கீரை. சப்பாத்தியை இங்கே எல்லா ஊர்க் கடையிலும் சப்பாத்தி என்றே கேட்டு வாங்கலாம்.

ஆல்ஸ்மீர் போனால் ஒன்று கவனியுங்கள். ஃபால்ஸ் காட்லிங் மாத் என்ற அந்துப்பூச்சிக்காக ஆப்பிரிக்க ரோஜாவை ஐரோப்பாவில் கடுமையாகச் சோதிக்கிறார்கள். மொட்டுக்குள் ஒரு புழு கிடைத்தால் அந்தச் சரக்கே போச்சு. இங்கே உங்கள் மேஜையில் பெரும்பாலும் அந்தத் தேடல்தான் நடக்கும்.

பாலக்கோட்டுக்காரன்:

நைவாஷா அண்ணனிடம் ஒரு சந்தேகம். ஒரு ரோஜாவை விமானத்தில் ஏற்றி அத்தனை தூரம் அனுப்புவது சரியா? புகை, எரிபொருள் எல்லாம் கணக்குப் பார்த்தால் டச்சுக்காரர்கள் தங்கள் ஊரிலேயே வளர்ப்பது மேல் அல்லவா?

பென்னாகரம் டு நைவாஷா:

நல்ல கேள்வி. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகம் 2007இல் இதைக் கணக்கிட்டது. 12,000 ரோஜாவுக்குக் கென்யாவில் விமானப் பயணத்தையும் சேர்த்து ஏறக்குறைய 6,000 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நெதர்லாந்தில் 35,000 கிலோ. காரணம், அங்கே குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலைக் கேஸ் எரித்துச் சூடாக்க வேண்டும், விளக்குப் போட்டு வெளிச்சம் காட்ட வேண்டும். இங்கே பூமத்திய ரேகைக்கு அருகே வருஷம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேர வெளிச்சம் சும்மா கிடைக்கிறது. அதற்குப் பிறகு டச்சுக் குடில்கள் நிறைய மாறியிருக்கின்றன, எனவே அதை 2007இன் கணக்காகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கார்பன் மட்டுமே கணக்கில்லை. ஏரித் தண்ணீரைப் பண்ணைகள் எடுப்பது பற்றியும் உரம் ஏரியில் கலப்பது பற்றியும் இங்கே வெகு காலமாக வழக்கு வாதம் உண்டு. மீனவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பாசனத்தில் வேலை செய்பவனாக நான் அதைத் தினமும் நினைக்கிறேன்.

கெலமங்கலத்தாள்:

நைவாஷா வந்து சேர்ந்துவிட்டேன். எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

விசா கிடைத்தது. டென்ஹாக் அக்கா சொன்னபடி வேலை அனுமதி நகலை வைத்தேன். விண்ணப்ப மையத்தில் அதைப் பார்த்தபின் கேள்வியே அதிகம் இல்லை. ஹூஃப்டார்ப்பில் தங்கினேன்.

இருட்டோடு கிளம்பி ஏழு மணிக்கு ஆல்ஸ்மீர் ஏலக்கூடத்தில் நின்றேன். மேலே நடைபாதை, கீழே ஓயாத ஓட்டம். சிறு மின்வண்டிகள் பூத்தள்ளுவண்டிகளை வரிசையாகக் கோத்து இழுத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் போகின்றன, ஒன்றோடொன்று இடிக்காமல். வாங்குகிறவர்கள் கூடத்தில் கூட்டமாக இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இப்போது பெரும்பாலோர் தங்கள் அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்தே வாங்குகிறார்களாம். ஆனாலும் நடைபாதையின் நீளம் முழுக்க நடந்தேன், நடந்து முடியவில்லை.

கென்யா, எத்தியோப்பியா ரோஜாக்கள் வாளிகளில் நின்றன. தண்டு நீளம் சென்டிமீட்டரில். நாம் கிரேடிங் மேஜையில் அளந்து பிரிக்கும் அதே கணக்கு. ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. ஓசூரில் குட்டைத் தண்டு என்று மனசே இல்லாமல் உள்ளூர்ச் சந்தைக்கு ஒதுக்குவோமே, அந்த அளவுப் பூ அங்கே வண்டி வண்டியாகப் போகிறது. பூங்கொத்துக் கட்டும் சூப்பர்மார்க்கெட்டுக்கு நீளம் தேவையில்லை, எல்லா மொட்டும் ஒரே பருவத்தில் திறக்க வேண்டும், அவ்வளவுதான். நீளத்துக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது மொட்டு ஒருசீராக இருப்பதற்கு நாம் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. தளி அண்ணா, இதை உங்கள் பேக்கிங் ஆட்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மதியம் மியூசியம். ஆசிரியை அம்மா, ராகெல் ரைஷின் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றேன். ஒரே ஜாடியில் வேறு வேறு பருவத்துப் பூக்கள். அவை சேர்ந்து பூக்க முடியாது. அவர் ஒவ்வொன்றும் பூக்கும் காலத்தில் பார்த்து வைத்துக்கொண்டு பிறகு ஒன்றாகச் சேர்த்திருக்க வேண்டும். எறும்பையும் கண்டுபிடித்தேன். பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவருக்கு அதைக் காட்டினேன், மொழி தெரியாமலே இருவரும் சிரித்தோம். உங்களுக்கு என் நன்றி. நீங்கள் சொல்லவில்லையென்றால் நான் ஏலத்தோடு திரும்பியிருப்பேன்.

ஹார்ட்டஸ் போக நேரம் இல்லை. சிங்கெல் கால்வாயில் 1862இலிருந்து இருக்கும் பூச்சந்தைக்குப் போனேன், ஆனால் அங்கே கிழங்கும் விதையும் நினைவுப் பொருள்களும்தான் அதிகம், வெட்டுப்பூ குறைவு. பூத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதற்காகத் தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. அதைவிட சென்ட்ரால் நிலையத்துக்குப் பின்னாலிருந்து நீர்ப்பரப்பைக் கடக்கும் படகு நல்லது. காசே வாங்குவதில்லை, காற்று முகத்தில் அடிக்க நகரம் முழுக்கத் தெரிகிறது. அங்கிருந்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். பயமெல்லாம் எங்கே போனதோ, சைக்கிள்களையும் படகையும் பார்த்து அவரே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

பாலக்கோட்டு அண்ணா, செலவு நீங்கள் சொன்ன அளவுக்கு ஆனது. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் இங்கே முதல் வாரக் கூட்டத்தில் மேலாளர், ஆல்ஸ்மீரிலிருந்து வந்த புகாரைப் படித்தபோது, எந்த இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று என் மனசில் படம் ஓடியது. எனக்கு அது போதும்.

பாலக்கோட்டுக்காரன்:

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததில் சந்தோஷம் தங்கச்சி. மொட்டு விஷயம் எங்கள் பக்கம் பூப் போடுகிறவர்களுக்கும் சொல்கிறேன். பணம் பற்றிய என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. கையில் சேமிப்பு இல்லாத பிள்ளைகள் நேர் வழியிலேயே போகட்டும்.

பர்கூர் கல்லுக்காரன்:

என் அண்ணன் மகள் ஏப்ரலில் டான்சானியா போகிறாள், அவளும் ஆம்ஸ்டர்டாம் வழி. துலிப் தோட்டம் பார்க்க வேண்டும் என்று அடம். டென்ஹாக் தங்கச்சி, ஏப்ரலில் முடியுமா?

டென்ஹாக் கிருஷ்ணகிரியாள்:

முடியும் அண்ணா, சரியான மாதம். கூகென்ஹாஃப் தோட்டம் லிஸ்ஸ என்ற ஊரில் இருக்கிறது. மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை மட்டும்தான் திறந்திருக்கும். நாளும் நேரமும் குறித்து இணையத்தில் முன்கூட்டியே டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள், சீசனில் ஸ்கிப்போலிலிருந்தே அதற்குப் பேருந்து விடுகிறார்கள். ஏப்ரல் 27 மட்டும் தவிர்க்கட்டும். அன்று அரசர் பிறந்தநாள் கொண்டாட்டம், ஊரே தெருவில் இருக்கும், ஹோட்டல் கிடைக்காது, டிராம் பல இடங்களில் ஓடாது. தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்கள், ஹார்லெமில் எங்கே தங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.